ஒரு தடவை ஏ.ஏ. கூட்டத்துக்குப் போனேன், ஒட்டவில்லை. மறுபடி போக வேண்டுமா?

கேள்வி:

மதிப்பிற்குரிய டாக்டருக்கு, எனக்கு 44 வயது. டெல்டா மாவட்டம் ஒன்றில் அரசுப் பள்ளி ஆசிரியர். பதினைந்து வருடக் குடி. கடைசி நாலைந்து வருடமாகப் பள்ளி விட்டதும் நேராகக் கடைதான். கார்த்திகையில் மாலை போட்டால் 48 நாள் தொட மாட்டேன். மலைக்குப் போய் வந்து மாலையைக் கழற்றினால் அன்றைக்கே ஆரம்பித்துவிடும். மூன்று மாதம் முன்பு மருத்துவமனையில் மூன்று வாரம் தங்கிச் சிகிச்சை எடுத்தேன். டிஸ்சார்ஜ் ஆகும்போது, குடியை விட நினைப்பவர்கள் கூடிப் பேசும் ஏ.ஏ. கூட்டத்துக்குத் தவறாமல் போகச் சொன்னார்கள். நான் போகவில்லை. போன மாதம் அக்கா பேரன் காதுகுத்தில் ஒருநாள் குடித்துவிட்டேன். அந்தப் பயத்தில் பக்கத்து டவுனில் நடக்கும் கூட்டத்துக்கு ஒரு தடவை போனேன். ஒருவர் பஸ் ஸ்டாண்டில் படுத்துக் கிடந்த கதையைச் சொன்னார். இன்னொருவர் மனைவியின் தாலியை அடகு வைத்ததைச் சொன்னார். நான் அந்த அளவுக்குப் போனதில்லை. என்னைப் பேசச் சொன்னபோது வாயே வரவில்லை. அது ஒரு சர்ச் வளாகம் வேறு. வீட்டில், "நமக்கு எதுக்கு அங்கெல்லாம்?" என்கிறார்கள். என் மாணவர்களின் அப்பா யாராவது அங்கே இருந்தால் என் நிலைமை என்ன? காபியில் கலந்து கொடுத்தால் குடி மறந்துபோகும் என்று ஒரு பவுடரை மச்சான் வாங்கி வைத்திருக்கிறார். அது போதாதா?

பதில்:

அன்புள்ள ஆசிரியருக்கு, கேட்டதற்கு முதலில் நேராகச் சொல்லிவிடுகிறேன். போக வேண்டும். அதே இடத்துக்குத்தான் என்றில்லை. ஒவ்வொரு கூட்டத்துக்கும் ஒரு குணம் உண்டு. ஒன்றில் வயதானவர்கள் அதிகம், ஒன்றில் இளைஞர்கள். ஒன்றில் கலகலப்பு, ஒன்றில் கண்டிப்பு. ஒருநாள் சாயங்காலத்தை வைத்து அத்தனைக்கும் தீர்ப்பு எழுதிவிட முடியாது. குறைந்தது ஐந்தாறு தடவை, முடிந்தால் இரண்டு வெவ்வேறு இடங்களில் உட்கார்ந்து பாருங்கள். அப்புறமும் பிடிக்காவிட்டால் வேறு வழிகள் இருக்கின்றன, கடைசியில் சொல்கிறேன்.

உங்கள் கடிதத்தில் என்னைப் பிடித்து நிறுத்தியது மாலை விஷயம். அதை நீங்கள் ஒரு தோல்வியாக எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அது வேறு மாதிரி தெரிகிறது. மாலை போட்ட 48 நாளும் என்ன நடக்கிறது என்று யோசித்துப் பாருங்கள். விடியற்காலையில் குளியல். சாயங்காலம் குடிக்கத் தோன்றும் அதே நேரத்தில் பூஜை, பஜனை. தெருவில் எல்லோரும் 'சாமி' என்று கூப்பிடுகிறார்கள். சந்தேகம் வந்தால் கேட்க ஒரு குருசாமி. கூடவே அதே விரதத்தில் இருக்கும் பத்துப் பேர். உங்களோடு தினமும் குடித்தவரே, "சாமி, நீங்க இந்தப் பக்கம் வராதீங்க" என்று அனுப்பி வைக்கிறார். மாலையைக் கழற்றிய அன்று இவை அத்தனையும் ஒரே நாளில் காணாமல் போகின்றன. பக்தி அப்படியேதான் இருக்கிறது. கூட்டாளிகள் மட்டும் கலைந்துவிடுகிறார்கள். ஆக, மன உறுதி இல்லாதவர் என்று உங்களை நீங்கள் திட்டிக்கொள்ள வேண்டியதில்லை. ஒரு மண்டலம் நிற்க முடிந்தவருக்கு உறுதி உண்டு. நாற்பத்தொன்பதாவது நாள் சாயங்காலம் யாரோடு உட்காருவது என்பதற்குத்தான் உங்களிடம் பதில் இல்லை. மருத்துவமனை கூட்டத்துக்குப் போகச் சொன்னது அதற்காகத்தான்.

இந்த இடத்தில் ஒரு மருத்துவ எச்சரிக்கை. தினமும் அதிக அளவில் குடிப்பவர் மாலை போடுகிறேன் என்று சட்டென்று நிறுத்துவது ஆபத்து. கடைசியாகக் குடித்து ஆறு முதல் எட்டு மணி நேரத்தில் கை நடுக்கமும் வியர்வையும் தொடங்கலாம். முதல் இரண்டு நாளுக்குள் வலிப்பு வரலாம். இரண்டு மூன்று நாள் கழித்து ஆள் குழம்பி, இல்லாத பூச்சிகளைப் பார்த்து, காய்ச்சலோடு படுக்கிற நிலை வந்தால் உயிருக்கே ஆபத்து. அப்போது 108-ஐத்தான் கூப்பிட வேண்டும், கூட்டத்துக்கு அழைத்துப் போகக் கூடாது. நீங்கள் அந்தக் கட்டத்தை மருத்துவமனையிலேயே தாண்டிவிட்டீர்கள். ஆனால் மறுபடி தொடர்ந்து குடித்துவிட்டு நிறுத்தினால் அதெல்லாம் திரும்பவும் வரும்.

இனி அந்தக் கூட்டம். ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ், சுருக்கமாக ஏ.ஏ., அமெரிக்காவில் 1935-ல் தொடங்கியது. தொடங்கிய விதம் உங்களுக்குப் பயன்படும் என்பதால் சொல்கிறேன். நியூயார்க்கைச் சேர்ந்த பங்குத் தரகர் பில் வில்சன் குடியை விட்டுச் சில மாதங்களே ஆகியிருந்தன. ஒரு வியாபார விஷயமாக ஒஹையோ மாநிலத்தின் ஆக்ரன் நகரத்துக்குப் போனார். வந்த காரியம் கெட்டது. தங்கியிருந்த ஹோட்டலின் முன்கூடத்தில் தனியாக நிற்கிறார், பக்கத்தில் பார். குடித்துவிடுவோம் என்று தெரிகிறது. அங்கே இருந்த சர்ச்சுகளின் பட்டியலைப் பார்த்து ஒவ்வொன்றாகப் போன் செய்து, "பேசுவதற்கு எனக்கு ஒரு குடிகாரர் வேண்டும்" என்று கேட்டார். கடைசியில் பாப் ஸ்மித் என்ற அறுவை சிகிச்சை மருத்துவர் கிடைத்தார். அவரும் மீள முடியாமல் குடித்துக்கொண்டிருந்தவர். இரண்டு பேரும் மணிக்கணக்கில் பேசினார்கள். அடுத்த மாதம் பாப் தன் கடைசி மதுவைக் குடித்தார். ஜூன் 10 என்ற அந்தத் தேதியைத்தான் ஏ.ஏ. தன் பிறந்தநாளாக வைத்திருக்கிறது. பில் அந்த மருத்துவரைக் காப்பாற்றப் போகவில்லை. தான் தப்பிப்பதற்காகத்தான் போனார். நீங்கள் போன கூட்டத்தில் பஸ் ஸ்டாண்ட் கதை சொன்னாரே, அவரும் அப்படித்தான். உங்களுக்குப் பாடம் எடுக்க அவர் பேசவில்லை. அன்றைக்குத் தான் குடிக்காமல் இருப்பதற்காகப் பேசினார்.

"நான் அந்த அளவுக்குப் போனதில்லை" என்கிறீர்கள். புதிதாக வருபவர்களில் முக்கால்வாசிப் பேர் இதைத்தான் சொல்கிறார்கள். தாலியை அடகு வைத்தவரும் முதல் நாள் இன்னொருவர் கதையைக் கேட்டு இதையே நினைத்திருப்பார். பழைய உறுப்பினர்கள் இதற்கு ஒரு யோசனை சொல்வார்கள்: கதைகளை ஒப்பிடாமல், உணர்ச்சிகளில் எது நம்முடையது என்று பாருங்கள். நீங்கள் பஸ் ஸ்டாண்டில் படுத்ததில்லை, சரி. காலையில் முதல் வகுப்புக்குப் போகும்போது வாயில் ஏலக்காய் போட்டுக்கொண்டதுண்டா? மனைவியின் போன் அடிக்கும்போது எடுக்காமல் பார்த்துக்கொண்டிருந்ததுண்டா? "இன்னைக்கு ஒரு கட்டிங்கோட நிறுத்திக்கலாம்" என்று தொடங்கி இரண்டு குவாட்டரில் முடிந்ததுண்டா? அந்தக் கதைகளுக்கு நடுவே இப்படி ஒரு வரி வரும். அதைக் கேட்கத்தான் உட்கார வேண்டும். இன்னொன்று: அந்த அளவுக்குப் போகாததால் உங்களுக்கு இன்னும் வேலை இருக்கிறது, கல்லீரல் இருக்கிறது, வீடு இருக்கிறது. சீக்கிரம் வந்தவருக்குக் கிடைக்கிற லாபம் அது.

பேச முடியவில்லை என்பதற்கு வருவோம். பேச வேண்டும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை. "இன்னைக்கு நான் கேட்டுக்கறேன்" என்று சொன்னால் அடுத்தவரிடம் போய்விடுவார்கள். குடிநோயாளி அல்லாதவர்களும் வரக்கூடிய 'திறந்த கூட்டங்களுக்கு' மருத்துவர்களான எங்களையும் அழைப்பார்கள் என்பதால் நான் பலமுறை பின்வரிசையில் உட்கார்ந்திருக்கிறேன். ஒன்று, ஒன்றரை மணி நேரம். தொடக்கத்தில் சிறிது மௌனம், ஒரு பிரார்த்தனை. ஏ.ஏ. என்றால் என்ன என்று ஒருவர் தாளைப் பார்த்து வாசிப்பார். குடியிலிருந்து மீள ஏ.ஏ. வகுத்திருக்கும் 12 படிகளில் ஒன்றை எடுத்துப் பேசலாம், அல்லது ஒவ்வொருவராகத் தன் வாரம் எப்படிப் போனது என்று சொல்லலாம். இதை 'ஷேரிங்' என்பார்கள். ஒருவர் பேசும்போது மற்றவர் குறுக்கே புத்தி சொல்ல மாட்டார்கள். நம் ஊரில் இது ஓர் அதிசயம்தான். கல்யாண வீட்டில் தலைவலி என்று சொன்னால் பத்து வைத்தியம் வரும். நடுவில் ஒரு பை சுற்றி வரும், முடிந்ததைப் போடலாம், போடாமலும் இருக்கலாம். கட்டணம் கிடையாது, வெளியாரிடம் நன்கொடையும் வாங்க மாட்டார்கள். சேர ஒரே தகுதி, குடியை நிறுத்த வேண்டும் என்ற விருப்பம். விண்ணப்பம் இல்லை, வருகைப் பதிவேடு இல்லை. தினமும் அட்டெண்டன்ஸ் எடுக்கிற உங்களுக்கு அதுவே ஒரு விடுதலை.

ஒன்று செய்யுங்கள். பத்து நிமிடம் முன்னதாகப் போங்கள், முடிந்ததும் பத்து நிமிடம் இருங்கள். நாற்காலி எடுத்துப் போடுவது, டீ ஊற்றுவது என்று ஏதாவது வேலையில் கை கொடுங்கள். புதியவர்கள் கூட்டம் தொடங்கிய பிறகு வந்து கடைசியில் உட்கார்ந்து முதல் ஆளாக ஓடிவிடுகிறார்கள், பிறகு "யாரும் என்னோடு பேசவில்லை" என்கிறார்கள். உண்மையான பேச்செல்லாம் அந்த டீ நேரத்தில்தான் நடக்கிறது. கிளம்பும் முன் இரண்டு போன் நம்பராவது வாங்கிக்கொள்ளுங்கள். வாங்கினால் போதாது, குடிக்கத் தோன்றாத ஒரு சாதாரண நாளில் ஒருமுறை கூப்பிட்டுப் பழகுங்கள். அவசரத்தில் முதல் தடவையாக ஒருவரைக் கூப்பிடக் கை வராது.

சர்ச் வளாகம் பற்றி: ஏ.ஏ. தொடங்கியவர்கள் முதலில் ஆக்ஸ்ஃபோர்டு குரூப் என்ற கிறிஸ்தவ இயக்கத்தோடு சேர்ந்து இருந்தார்கள், 1930-களின் கடைசியில் தனியாகப் பிரிந்தார்கள். படிகளில் 'கடவுள்' என்ற சொல் வருவது உண்மை. "நாங்கள் புரிந்துகொண்டபடியான கடவுள்" என்றுதான் அது எழுதப்பட்டிருக்கிறது. முருகனாக இருக்கலாம், ஐயப்பனாக இருக்கலாம். கடவுள் நம்பிக்கை இல்லாதவர்கள் அந்தக் கூட்டத்தையே தங்களுக்கு மேலான சக்தியாக வைத்துக்கொள்கிறார்கள். கட்டடத்தைப் பொறுத்தவரை, மாலையில் காலியாக இருக்கும் ஒரு அறையைச் சொற்ப வாடகைக்குக் கொடுப்பது பெரும்பாலும் சர்ச்சுகளும் பள்ளிகளும்தான். அவ்வளவே காரணம். மதம் மாறச் சொல்லி யாராவது பேசினால் அது ஏ.ஏ. விதிக்கே விரோதம், அந்தக் கூட்டத்தை விட்டு வேறு ஒன்றுக்குப் போங்கள். வீட்டில் கேட்டால் "வாடகை இடம்" என்று சொல்லிவிடுங்கள், அல்லது ஒருநாள் திறந்த கூட்டத்துக்கு அவர்களையே அழைத்துப் போங்கள்.

மாணவரின் அப்பா அங்கே இருந்தால்? இருக்கலாம், சின்ன ஊரில் நடக்கக்கூடியதுதான். ஆனால் அவரும் அதே காரணத்துக்காக அங்கே இருக்கிறார். உங்களைப் பார்த்ததாகச் சொன்னால் தான் அங்கே இருந்ததையும் சொல்ல வேண்டிவரும். இங்கே பார்த்தது, கேட்டது வெளியே போகக் கூடாது என்பதை அவர்கள் மிகவும் கறாராக எடுத்துக்கொள்கிறார்கள். நூறு சதவீதம் உத்தரவாதம் என்று நான் சொல்ல மாட்டேன், மனிதர்கள்தானே. ஆனால் ஒன்றைக் கேட்கிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். பள்ளி விட்டதும் நேராகக் கடை என்று எழுதியிருக்கிறீர்கள். டாஸ்மாக் வாசலில் நாலைந்து வருடமாக உங்களை ஒரு மாணவரின் அப்பாவும் பார்க்கவில்லையா? குடிப்பது ஊருக்கே தெரிந்திருக்க, விட முயல்வது மட்டும் தெரிந்துவிடுமோ என்று பயப்படுகிறோம். இது உங்கள் தவறு இல்லை. குடித்தால் சிரிக்கிற ஊர், சிகிச்சைக்குப் போனால் கிசுகிசுக்கிறது. 2019-ல் வெளியான தேசியக் கணக்கெடுப்பின்படி, மதுவுக்கு அடிமையானவர்களில் 38 பேரில் ஒருவருக்குத்தான் ஏதாவது ஒரு சிகிச்சை கிடைக்கிறது. மற்ற 37 பேருக்கும் மருத்துவமனை இல்லை என்பது மட்டும் காரணமாக இருக்க முடியாது.

மனம் இன்னும் ஒப்பவில்லையா, ஒரு மணி நேரப் பஸ் தூரத்தில் இருக்கும் பெரிய ஊரின் கூட்டத்துக்குப் போங்கள். தஞ்சாவூர், திருச்சி பக்கமெல்லாம் விசாரிக்கலாம். கண்டுபிடிப்பது கடினமில்லை. உங்களுக்குச் சிகிச்சை கொடுத்த மருத்துவமனையின் சமூகப் பணியாளருக்குப் போன் செய்யுங்கள், அவர்களிடம் எந்தக் கிழமை எங்கே என்ற விவரம் இருக்கும். ஏ.ஏ. இந்தியாவின் இணையதளத்தில் ஊர்வாரியாகத் தேடலாம். போதை மீட்புக்கான மத்திய அரசின் கட்டணமில்லா எண் 14446. மனம் தாளாமல் போகிற இரவுகளுக்கு, டெலி மானஸ் என்ற அரசின் மனநல உதவி எண் 14416, தமிழிலேயே பேசலாம். மாவட்டத் தலைமை அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவிலும் கேளுங்கள்.

பட்டியலில் இருக்கிறதே என்று நேராகப் போய் நிற்காதீர்கள். இடமும் நேரமும் மாறிக்கொண்டே இருக்கும், பூட்டிய கதவைப் பார்த்துத் திரும்பும் வழியில் கடை இருக்கும். முன்னதாகப் போன் செய்து நான்கு விஷயம் கேளுங்கள்: இந்த வாரம் கூட்டம் உண்டா, தமிழில் நடக்கிறதா, திறந்த கூட்டமா குடிநோயாளிகளுக்கு மட்டுமானதா, வாசலில் என்னை யார் சந்திப்பார்கள். கடைசிக் கேள்விதான் முக்கியம். ஒருவர் காத்திருக்கிறார் என்று தெரிந்தால் பாதி வழியில் திரும்ப மனம் வராது. போகவே முடியாத வாரங்களில் இணையவழிக் கூட்டம் இருக்கிறது, கொரோனா காலத்தில் பரவிய பழக்கம். முகத்தைக் காட்டாமல் காது மட்டும் கொடுக்கலாம். இதை வாசிக்கும் பெண்களுக்கு ஒரு வார்த்தை: நேரடிக் கூட்டங்களில் பெரும்பாலும் ஆண்கள்தான் இருப்பார்கள், அந்தச் சங்கடம் நியாயமானது. பெண்களுக்கு மட்டுமான இணையக் கூட்டம் பற்றி அந்த எண்களில் கேளுங்கள்.

முதல் மூன்று மாதம் எவ்வளவு அடிக்கடி போக முடியுமோ அவ்வளவு போகச் சொல்வார்கள். 90 நாளில் 90 கூட்டம் என்று ஒரு கணக்கே அவர்களிடம் உண்டு. உங்கள் ஊரில் அது நடக்காத காரியம். வாரம் இரண்டு நேரில், இரண்டு இணையத்தில் என்று வைத்துக்கொள்ளுங்கள். நேரம்தான் கவனிக்க வேண்டியது. உங்களுக்கு ஆபத்தான பொழுது பள்ளி மணி அடித்ததிலிருந்து இரவுச் சாப்பாடு வரை. கூட்டம் இல்லாத நாளிலும் அந்த நேரத்துக்கு ஒரு ஏற்பாடு வேண்டும். மாலை நாலரைக்கு வயிறு நிறைய ஏதாவது சாப்பிடுங்கள், இதை நான் கிண்டலாகச் சொல்லவில்லை. பசி, கோபம், தனிமை, களைப்பு என்று நான்கையும் கவனிக்கச் சொல்கிறார்கள் பழைய உறுப்பினர்கள். ஒரு ஆசிரியருக்கு ஐந்தரை மணிக்கு நான்கும் சேர்ந்தே இருக்கும்.

சில நாள் கழித்து 'ஸ்பான்சர்' ஒருவரைப் பிடிக்கச் சொல்வார்கள். பல வருடமாகக் குடிக்காமல் இருந்து, உங்களை வழிநடத்தச் சம்மதிக்கும் மூத்த உறுப்பினர். அவசரப்பட வேண்டாம். பேச்சில் கெட்டிக்காரரை விட, வீட்டிலும் வேலையிலும் வாழ்க்கை ஒழுங்காக இருப்பவரைத் தேடுங்கள். ஸ்பான்சர் உங்களிடம் கடன் கேட்டால், சீட்டு சேரச் சொன்னால், ஏதாவது பொருள் விற்றால் வேறு ஆளைப் பாருங்கள். "மாத்திரை சாப்பிட்டால் அதுவும் போதைதான், நிறுத்து" என்று சொன்னாலும் அப்படியே. இதை அழுத்திச் சொல்கிறேன். உறுப்பினர்கள் யாரும் டாக்டர் வேலை பார்க்கக் கூடாது என்று ஏ.ஏ.-வின் சொந்த வெளியீடே சொல்கிறது. ஆனாலும் ஆர்வக்கோளாறில் சொல்பவர்கள் உண்டு. மனச்சோர்வு மாத்திரையையோ, குடி நாட்டத்தைக் குறைக்கக் கொடுத்த நால்ட்ரெக்சோன், அகாம்ப்ரோசேட் போன்றவற்றையோ எழுதிக் கொடுத்த மருத்துவரைக் கேட்காமல் நிறுத்தாதீர்கள்.

இதெல்லாம் வேலை செய்கிறதா என்று ஒரு ஆசிரியர் கேட்காமல் இருக்க மாட்டார். மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் அமைப்பின் ஆய்வுத் தொகுப்பு ஒன்று 2020-ல் வந்தது. 27 ஆய்வுகள், 10,565 பேர். ஏ.ஏ.-வில் இணைய முறையாக உதவி பெற்றவர்களில் 42 சதவீதம் பேர் ஓராண்டு முடிவில் முற்றிலும் குடிக்காமல் இருந்தார்கள். வேறு உளவியல் சிகிச்சை பெற்றவர்களில் 35 சதவீதம். மற்ற அளவுகோல்களில் இரண்டும் ஏறத்தாழச் சமம். அந்த ஆய்வுகள் பெரும்பாலும் மேல்நாட்டில் நடந்தவை, அதையும் சேர்த்தே எடுத்துக்கொள்ளுங்கள். மந்திரம் இல்லை, ஆனால் இலவசமாக, ஆயுள் முழுக்கக் கிடைக்கிற ஒன்று இந்த அளவுக்குப் பலன் தருவது சிறிய விஷயமில்லை. ஐந்தாறு தடவை போயும் ஒட்டவில்லை என்றால் மருத்துவமனையின் தொடர் சிகிச்சைக் குழு, தனி ஆலோசனை, மருந்து என்று போகலாம். எதுவுமே வேண்டாம், நானே பார்த்துக்கொள்கிறேன் என்பது மட்டும் வேண்டாம். அதைத்தான் பதினைந்து வருடமாகச் செய்து பார்த்துவிட்டீர்களே.

காதுகுத்து நாளைப் பற்றி உங்களுக்கு வெட்கம் அதிகமாக இருக்கிறது. அவர்கள் அதை 'ஸ்லிப்' என்பார்கள். மறுபடி குடித்துவிட்டவரைக் கூட்டத்தில் யாரும் திட்டுவதில்லை, "திரும்பி வந்தீங்களே" என்றுதான் கை கொடுப்பார்கள். அந்த ஒருநாளைக் கூட்டத்தில் சொல்லுங்கள், நீங்கள் பேச வேண்டிய முதல் பேச்சு அதுவாகவே இருக்கட்டும். அடுத்த விசேஷத்துக்குப் போகுமுன் கூட்டத்து நண்பர் ஒருவருக்குப் போன், திரும்பியதும் ஒரு போன். முகூர்த்தத்துக்குப் போய்ப் பந்தியில் சாப்பிட்டுக் கிளம்பிவிடுங்கள். மண்டபத்துக்குப் பின்னால் கார் டிக்கி திறக்கும் நேரத்தில் நீங்கள் பஸ்ஸில் இருக்க வேண்டும். தாய்மாமனாகக் கடைசிவரை நிற்க வேண்டிய விசேஷம் என்றால் மனைவியும் குடிக்காத ஒரு நண்பரும் கூட இருக்கட்டும். ஒருவேளை மறுபடி குடிக்க நேர்ந்தால் பழைய அளவு என்று இறங்காதீர்கள், இடைவெளிக்குப் பிறகு உடம்பு அந்த அளவைத் தாங்காது. ஒருநாளோடு நிற்காமல் தொடர்ந்துவிட்டால் முதலில் மருத்துவரிடம் வாருங்கள், பிறகு கூட்டம்.

உங்கள் மனைவியைப் பற்றிக் கடிதத்தில் ஒரு வரிகூட இல்லை, அது எனக்குக் கொஞ்சம் உறுத்துகிறது. குடிநோயாளிகளின் குடும்பத்தாருக்கென்றே அல்-அனான் என்ற அமைப்பு இருக்கிறது. பில் வில்சனின் மனைவி லோயிஸ் 1951-ல் தொடங்கியது. இந்தக் குடிக்கு நான் காரணமில்லை, அதை என்னால் கட்டுப்படுத்த முடியாது, குணப்படுத்தவும் முடியாது என்பது அவர்களின் அடிப்படைப் பாடம். பர்ஸைச் சோதித்து, வாயை முகர்ந்து, தெருமுனை வரை பார்த்து நின்று அலுத்த ஒரு பெண்ணுக்கு இதைக் கேட்பதே பெரிய ஆறுதல். சென்னை இந்திரா நகரில் உள்ள டி.டி.கே. மருத்துவமனையை நடத்தும் அமைப்பை, கணவரைக் குடிக்கு இழந்த சாந்தி ரங்கநாதன் 1980-ல் தொடங்கினார், அந்த மருத்துவமனையில் குடும்பத்தாருக்கும் தனியாகச் சிகிச்சைத் திட்டம் உண்டு. உங்கள் பக்கம் அல்-அனான் கூட்டம் இல்லாவிட்டால் இணையத்தில் தேடலாம், அல்லது உங்கள் மருத்துவமனையில் குடும்பத்தாருக்கான ஆலோசனை கேட்கலாம்.

கடைசியாக மச்சானின் பவுடர். வேண்டவே வேண்டாம். அதில் என்ன இருக்கிறது என்று மச்சானுக்குத் தெரியாது, விற்றவருக்கும் தெரிந்திருக்கும் என்று சொல்ல முடியாது. டைசல்ஃபிராம் என்று ஒரு மருந்தை நாங்களே கொடுப்பதுண்டு. அதைச் சாப்பிட்டுவிட்டுக் குடித்தால் முகம் சிவந்து, நெஞ்சு படபடத்து, வாந்தி எடுத்து, ரத்த அழுத்தம் இறங்கும். இதய நோய் உள்ளவர் இறந்தே போகலாம். அதனால்தான் குடிப்பவருக்குத் தெரிந்து, அவர் சம்மதத்தோடு, இதயமும் கல்லீரலும் பார்த்து, குடித்துக் குறைந்தது 12 மணி நேரம் ஆன பிறகே தொடங்குகிறோம். நிறுத்திய பிறகும் இரண்டு வாரம் வரை அதன் வேலை இருக்கும். அந்தக் காலத்தில் இருமல் டானிக்கையும் தசமூலாரிஷ்டத்தையும்கூடத் தொடக் கூடாது, இரண்டிலும் ஆல்கஹால் இருக்கலாம். தெரியாமல் காபியில் கலந்து கொடுத்தால் அந்த ஆள் இதில் எதற்கு ஜாக்கிரதையாக இருக்க முடியும்? உங்களுக்கு அந்த மருந்து பொருந்துமா என்று உங்கள் மருத்துவரிடம் நீங்களே நேரில் கேளுங்கள். மச்சானிடம் இந்தப் பதிலைப் படிக்கக் கொடுங்கள். உதவி செய்ய வேண்டும் என்ற அவருடைய துடிப்பு உண்மையானதுதான். வாரத்தில் இரண்டு சாயங்காலம் பைக்கில் உங்களைக் கூட்டத்தில் கொண்டுபோய் விட்டு, முடியும்வரை வெளியே டீக்கடையில் காத்திருந்து அழைத்து வரச் சொல்லுங்கள்.